குடல் அறுவைக்குப் பின் குழந்தைகளின் ஆசனவாய்ச் சுருக்குத்தசையை மதிப்பிடுதல்: புதிதாகப் பணிக்கு வருவோருக்கு ஒரு வழிகாட்டி

ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய்க்காகவோ (குடலின் கீழ்ப்பகுதியில் நரம்புக்கணு செல்கள் இல்லாத பிறவி நோய்), பிறவியிலேயே ஆசனவாய் சரிவர அமையாத குறைபாட்டுக்காகவோ கைக்குழந்தைப் பருவத்தில் அறுவை செய்யப்பட்ட குழந்தை, நான்கைந்து வயதில் உள்ளாடையில் மலக்கறையோடு மறுபடியும் மருத்துவமனைக்கு வருவது குழந்தை அறுவை சிகிச்சைப் பிரிவில் வழக்கமாகக் காணும் ஒன்று. உடன் வரும் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: அறுவையின்போது தசை கெட்டுப்போய்விட்டதா? எந்தக் கருவியும் அதற்கு ஒற்றை எண்ணில் விடை சொல்லிவிடாது. சுருக்குத்தசையின் வலுவை அளப்பது மதிப்பீட்டின் ஒரு பகுதிதான். மலம் ஏன் கசிகிறது என்பதைக் கண்டறிவதே முழு வேலை. இப்பிரிவில் புதிதாகச் சேரும் இளம் மருத்துவர்களும் செவிலியர்களும் பரிசோதனைக்கூடப் பணியாளர்களும் எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும், கிடைக்கும் முடிவை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எதை அளக்கப்போகிறோம்

மலத்தை அடக்கி வைக்க மூன்று தேவை. சுருங்கவும் தளரவும் தெரிந்த தசை ஒன்று. வந்திருப்பது காற்றா, நீர்மமா, கெட்டி மலமா என்று பிரித்தறியும் உணர்வு இரண்டு. மலத்தை மிக வேகமாகவோ மிக மெதுவாகவோ அன்றி, சீராகக் கொண்டுவந்து சேர்க்கும் குடல் அசைவு மூன்று. இம்மூன்றில் எது பழுதானாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றாகவே இருக்கும் என்பதுதான் இத்துறையின் சிக்கல்.

தசையிலும் இரண்டு அடுக்குகள் உண்டு. உள் சுருக்குத்தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாத வரியற்ற தசை. ஓய்வில் ஆசனவாயை மூடி வைத்திருக்கும் அழுத்தத்தில் ஏறத்தாழ 70 முதல் 85 விழுக்காடு வரை அதிலிருந்தே வருகிறது. வெளிச் சுருக்குத்தசை விருப்பத்துக்குக் கட்டுப்படும் வரித்தசை; முதுகெலும்பின் அடியிலுள்ள திரிகப் பகுதியின் 2, 3, 4-ஆம் நரம்பு வேர்களிலிருந்து புறப்படும் பியூடெண்டல் நரம்பு அதை இயக்குகிறது. இவற்றுக்கு மேலே, மலக்குடலைப் பின்புறமாகச் சுற்றி முன்னோக்கி இழுத்துப் பிடிக்கும் பியூபோரெக்டாலிஸ் தசை, மலக்குடலுக்கும் ஆசனவாய்க் குழாய்க்கும் இடையே ஒரு கோணத்தை உண்டாக்குகிறது. உணர்வு பெரும்பாலும் பற்கோட்டுக்கு (ஆசனவாய்க் குழாயின் உள்ளே பற்கள்போல் வளைந்து சுற்றிச் செல்லும் எல்லைக் கோடு) அருகிலுள்ள சளிப்படலத்தில் குவிந்திருக்கிறது.

எந்த அறுவை எதைக் கெடுக்கக்கூடும் என்பது தெரிந்திருந்தால் எதைத் தேடுவது என்பதும் தெரியும். ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயில் நரம்புக்கணு செல்கள் இல்லாத குடல் பகுதியை நீக்கி, நல்ல குடலைக் கீழே இழுத்து இணைக்கிறார்கள். 1948-இல் ஸ்வென்சன், 1956-இல் டுஹமேல், 1964-இல் சோவே ஆகியோர் வெளியிட்ட முறைகளும், 1998-இல் டி லா டோரே அறிமுகப்படுத்திய, ஆசனவாய் வழியாகவே முழு அறுவையையும் செய்யும் முறையும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றில் பிரிப்பு வேலையை மிகத் தாழ்வாகத் தொடங்கினால் பற்கோடு அழிந்துவிடும். ஆசனவாயை நெடுநேரம் அகல விரித்து வைத்தால் உள் சுருக்குத்தசை நீண்டு தளர்ந்துவிடலாம். அழிந்த பற்கோட்டை மீண்டும் உண்டாக்க எந்த வழியும் இல்லை. பிறவி ஆசனவாய்க் குறைபாடு வேறு கதை. அங்கே தசையும் திரிக எலும்பும் நரம்புகளும் பிறக்கும்போதே குறைவளர்ச்சியோடு இருக்கலாம். 1982-இல் டிவ்ரீஸும் பேனாவும் விவரித்த பின்புற நடுக்கோட்டு அறுவை, குடலை இருக்கும் தசையின் நடுவில் சரியாக வைக்க உதவுகிறது. இல்லாத தசையை அதனால் உருவாக்க முடியாது. பெருங்குடல் முழுவதும் நீக்கப்பட்டுச் சிறுகுடல் பை ஆசனவாயோடு இணைக்கப்பட்ட பிள்ளைகளுக்கோ, நீர்மமாகவும் அடிக்கடியும் வரும் மலத்தை அடக்குவது, பழுதில்லாத தசைக்கும் கடினமான வேலை.

முதற்படி: கோப்பும் கேள்விகளும்

குழந்தையைத் தொடுவதற்கு முன் அறுவைக் குறிப்பையும் நோய்க்கூறு அறிக்கையையும் வாசியுங்கள். எந்த முறை, இணைப்புத் தையல் பற்கோட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் போடப்பட்டது, மேல் விளிம்பில் நரம்புக்கணு செல்கள் இயல்பாக இருந்தனவா, பின்னாளில் தையல் பிரிந்ததா, மறு அறுவை நடந்ததா என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஆசனவாய்க் குறைபாடு என்றால், மலக்குடல் எங்கே திறந்திருந்தது என்ற விவரம் இன்றியமையாதது. விதைப்பைக்குக் கீழே தோலில் திறந்த குழந்தைக்கும், சிறுநீர்ப்பைக் கழுத்தில் திறந்த குழந்தைக்கும் எதிர்பார்ப்புகள் ஒன்றல்ல. 'அறுவை நன்றாக முடிந்தது' என்ற ஒற்றை வரி மட்டுமே உள்ள விடுவிப்புச் சீட்டு கையில் கிடைத்தால், அறுவை செய்த இடத்திலிருந்து முழுக் குறிப்பை வரவழைக்கச் செலவிடும் நாள்கள் வீணாவதில்லை.

வயதும் முக்கியம். எந்த அறுவையும் செய்துகொள்ளாத குழந்தையே மூன்று வயதுக்கு முன் மலத்தை நம்பகமாக அடக்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆகவே இரண்டு வயதுக் குழந்தையிடம் மலம் அடக்கும் திறனை மதிப்பிட்டு முடிவெழுதுவதில் பொருளில்லை. அந்த வயதில் பார்க்க வேண்டியவை ஆசனவாயின் அமைவிடம், அளவு, மலச்சிக்கல், குடலழற்சியின் அறிகுறிகள் ஆகியவையே.

மூன்று வயதைக் கடந்த குழந்தைக்குக் கேள்விகளை ஒழுங்காகக் கேட்க, 2005-இல் கிரிக்கன்பெக்கில் நடந்த பன்னாட்டுக் கூட்டத்தில் வகுத்த அளவுகோல் உதவும். விருப்பப்படி மலம் கழிக்க முடிகிறதா என்பதை அது மூன்றாகப் பிரிக்கிறது: உந்துதலை உணர்வது, அதைச் சொல்வது, அடக்கிக்கொள்வது. கசிவுக்கு மூன்று படிநிலைகள். வாரத்தில் ஓரிரு முறை என்றால் முதலாம் நிலை. நாள்தோறும் கசிந்தாலும் வெளியில் பழகுவதற்குத் தடையில்லை என்றால் இரண்டாம் நிலை. ஓயாமல் கசிந்து பிறரோடு பழகவே முடியாதபடி செய்தால் மூன்றாம் நிலை. மலச்சிக்கலும் அப்படியே: உணவு மாற்றத்தால் சரியாவது, மலமிளக்கி தேவைப்படுவது, இரண்டுக்கும் கட்டுப்படாதது. ரின்டாலாவின் மதிப்பெண் முறை ஏழு கூறுகளுக்கு மொத்தம் 20 புள்ளிகள் தருகிறது. 17-ம் அதற்கு மேலும் பெறுவது இயல்பான செயல்பாட்டுக்கு நெருக்கமானது. இவற்றில் ஒன்றையாவது ஒவ்வொரு முறையும் பயன்படுத்துங்கள். 'பரவாயில்லை', 'முன்பைவிடத் தேவலை' என்று கோப்பில் எழுதப்பட்டவற்றை வைத்து ஆறு மாதம் கழித்து எதையும் ஒப்பிட முடியாது.

படிவத்தில் இல்லாத சிலவற்றையும் கேட்க வேண்டும். கசிவு பகலிலா, உறக்கத்திலா? உறக்கத்திலும் கசிந்தால் உள் சுருக்குத்தசையின் ஓய்வு அழுத்தத்தின் மீது ஐயம் எழும். ஓடி விளையாடும்போது மட்டும் என்றால் வெளித்தசையும் தேக்கமும் நினைவுக்கு வர வேண்டும். கறை எப்படி இருக்கிறது என்று தாயிடம் கேளுங்கள். நாள் முழுவதும் பசைபோலச் சிறிது சிறிதாகப் படிந்து, இடையிடையே வயிறு உப்பி, நான்கைந்து நாளுக்கு ஒருமுறை பெரிய அளவில் மலம் வெளியேறுகிறது என்றால், அது பெரும்பாலும் தேங்கிய மலத்தைச் சுற்றி வழியும் கசிவு. உந்துதல் ஏற்பட்ட அரை நிமிடத்துக்குள் முழு மலமும் வெளியேறிவிடுகிறது, வயிறு தட்டையாகவே இருக்கிறது என்றால் அது வேறு வகை. சிறுநீர்க் கசிவு, கால்களில் வலுக்குறைவு, நடையில் மாற்றம் ஆகியவை இருந்தால் தண்டுவடத்தைப் பார்க்காமல் மேலே செல்லக்கூடாது.

இன்னொன்று. காய்ச்சல், வயிறு உப்புதல், பீறிட்டு வரும் துர்நாற்றமுள்ள பேதி ஆகியவை ஹிர்ஷ்ஸ்ப்ரங் குழந்தையிடம் சேர்ந்து காணப்பட்டால் அது குடலழற்சியாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்தானது. சுருக்குத்தசைப் பரிசோதனையை அப்படியே ஒத்திவைத்துவிட்டு அதற்கு உடனே சிகிச்சை தொடங்க வேண்டும்.

இரண்டாம் படி: குடல் நிரம்பியிருக்கிறதா?

இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராக, தசையின் அழுத்தத்தை அளக்கும் கருவியான அழுத்தமானிக்குப் போவதுதான் புதியவர்களிடம் அதிகம் காணப்படும் அவசரம். மலம் இறுகி நிறைந்த மலக்குடல் உள் சுருக்குத்தசையைத் தொடர்ந்து தளர்த்தியே வைத்திருக்கும். அந்த நிலையில் அளக்கப்படும் தாழ்ந்த அழுத்தம் தசையின் உண்மையான வலுவைக் காட்டாது. வயிற்றைத் தொட்டுப் பாருங்கள். இடது கீழ்ப்பகுதியில் கயிறுபோல் உருளும் மலக்கட்டி தெரிகிறதா என்று கவனியுங்கள். தேவைப்பட்டால் வயிற்று எக்ஸ்-ரே ஒன்று எடுக்கலாம். எக்ஸ்-ரேயில் தெரியும் திரவத்தை ஆசனவாய் வழியாகச் செலுத்தி எடுக்கும் மாறுபாட்டு எனிமா படம் இன்னும் பயனுள்ளது: பெருங்குடல் விரிந்திருக்கிறதா, இயல்பான அகலத்தில் இருக்கிறதா, இணைப்பில் சுருக்கம் உண்டா, டுஹமேல் முறையில் விட்டுவைத்த மலக்குடல் பையில் மலம் தேங்குகிறதா என்பவை அதில் தெரியும்.

தேக்கம் உறுதியானால் முதலில் குடலைக் காலி செய்து, சில வாரங்கள் காலியாகவே வைத்திருந்து, பிறகு கசிவு தொடர்கிறதா என்று பாருங்கள். கணிசமான குழந்தைகளுக்குக் கதை இங்கேயே முடிந்துவிடும். தசை கெட்டுவிட்டதென்று ஆண்டுக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்த குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாம் படி: கண்ணும் விரலும்

ஆசனவாய்ப் பரிசோதனையைப் பலமுறை அனுபவித்த குழந்தைக்கு மருத்துவரின் கையுறையே அச்சம் தரும். விரிப்பான் கொண்டு மாதக்கணக்கில் விரித்துவிடப்பட்ட குழந்தைகள் படுக்கையைக் கண்டதுமே உடலை இறுக்கிக்கொள்வார்கள். என்ன செய்யப்போகிறோம் என்பதை அதன் வயதுக்கேற்ற சொற்களில் முன்கூட்டியே சொல்லி, தாயோ தந்தையோ தலைமாட்டில் இருக்க, 'வேண்டாம்' என்று குழந்தை சொன்னால் நிறுத்துவோம் என்று வாக்களித்து, அந்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும். அழுது திமிறும் குழந்தையிடம் கிடைக்கும் தகவலால் பயனில்லை என்பது ஒருபுறம்; ஒருமுறை நம்பிக்கை போய்விட்டால் அடுத்த பத்தாண்டுப் பின்தொடர்தலும் கடினமாகிவிடும் என்பது மறுபுறம்.

இடப்பக்கமாகப் படுக்கவைத்து, முழங்கால்களை மடக்கச் சொல்லி, முதலில் பார்க்க மட்டும் செய்யுங்கள். ஓய்வில் ஆசனவாய் மூடியிருக்கிறதா, பிளந்து நிற்கிறதா? சுற்றிலும் தோல் புண்ணாகியிருக்கிறதா? சளிப்படலம் வெளியே பிதுங்கியிருக்கிறதா? பிதுங்கிய சளிப்படலம் தானே ஈரத்தையும் கறையையும் உண்டாக்கும். அதைக் கசிவென்று எண்ணிவிடக்கூடாது. பிட்டங்களுக்கிடையே ஆழமான பள்ளம் இருக்கிறதா, தட்டையாக இருக்கிறதா என்பதும் ஒரு குறிப்பு; தட்டையான அமைப்பு தசையும் திரிக எலும்பும் குறைவளர்ச்சி கொண்டவை என்பதை உணர்த்தும். பிறகு பஞ்சுக் குச்சியால் ஆசனவாயின் ஓரத் தோலை மெல்லத் தொட்டால் அது சட்டென்று சுருங்கும். இந்த அனிச்சைச் சுருக்கம் இரு பக்கமும் இருந்தால் திரிக நரம்புகளின் வளையம் வேலை செய்கிறது என்று பொருள்.

விரல் பரிசோதனைக்குச் சிறு குழந்தைகளுக்குச் சுண்டுவிரல் போதும். நன்றாக மசகிட்டு, விரலின் உட்புறத்தை ஆசனவாயின் மேல் சற்றுநேரம் வைத்திருந்தால் தசை தானாக இளகி வழிவிடும். உள்ளே போனதும் சுற்றிலும் சீரான பிடிமானம் தெரிகிறதா, ஒரு பக்கம் மட்டும் மெல்லியதாக வெட்டுப்பட்டதுபோல் இருக்கிறதா, இணைப்புத் தையலின் வளையம் எவ்வளவு உயரத்தில் தட்டுப்படுகிறது என்பவற்றைக் கவனியுங்கள். விவரம் தெரிந்த பிள்ளையிடம், "கண்ணா, காற்றுப் போகாமல் அடக்கிப் பிடி பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். வெளித்தசை சுருங்கும்போது விரலைச் சுற்றி அழுத்தம் கூடும். பியூபோரெக்டாலிஸ் சுருங்கும்போது விரல்நுனி முன்னோக்கித் தூக்கப்படும். இரண்டும் தனித்தனி உணர்வுகள். இயல்பான பிள்ளைகளைப் பரிசோதிக்க வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் இவ்வேறுபாட்டை விரலுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

ஆசனவாயின் அகலத்தை ஹெகர் விரிப்பானால் (விட்டத்தை மில்லிமீட்டரில் எண்ணாகக் கொண்ட வழவழப்பான தண்டு) அளந்து எழுத வேண்டும். பின்புற நடுக்கோட்டு அறுவைக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் கழித்துத் தொடங்கும் விரிப்பு முறையில், ஒன்று முதல் மூன்று வயதுக்கு 15-ஆம் எண்ணும், மூன்று முதல் பன்னிரண்டு வயதுக்கு 16-ஆம் எண்ணும் இலக்காகக் கொள்ளப்படுகின்றன. அதைவிட மிகக் குறைவாக இருந்தால் சுருக்கம் இருப்பதாகக் கருதி, தசையை அளப்பதற்கு முன் அதைக் கவனிக்க வேண்டும்.

நான்காம் படி: அழுத்தமானிப் பரிசோதனை

ஆசனவாய் அழுத்தமானி என்பது, அழுத்த உணரிகள் பொருத்தப்பட்ட மெல்லிய குழாயொன்றை ஆசனவாய் வழியாகச் செலுத்தி, ஓய்விலும் இறுக்கும்போதும் முக்கும்போதும் மலக்குடல் விரியும்போதும் தசை எப்படி நடந்துகொள்கிறது என்று பதிவு செய்யும் முறை. நீரோட்ட வகைக் குழாய்கள் பழையவை. இப்போது நெருக்கமாகப் பல உணரிகள் கொண்ட உயர் பிரிதிறன் குழாய்கள் பரவலாகிவிட்டன. இவை அழுத்தத்தை வண்ணப்படமாகத் திரையில் காட்டுகின்றன. ஒரு கருவியின் இயல்பு அளவுகளை வேறொரு கருவியின் முடிவோடு ஒப்பிடக்கூடாது. குழாயின் விட்டம், உணரியின் வகை, குழந்தையின் வயது ஆகியவற்றைப் பொறுத்து எண்கள் மாறும்.

அறுவைத் தையல் முழுவதும் ஆறிவிட்டதென்று அறுவை மருத்துவர் உறுதிசெய்யும் வரை பலூனை ஊதும் எந்தப் பரிசோதனையும் கூடாது. பரிசோதனைக்கு முன் எனிமா கொடுத்து மலக்குடலைக் காலி செய்யுங்கள். அடுத்து, யாரும் மறக்கக்கூடாத ஒரு கேள்வி: லேட்டெக்ஸ் ஒவ்வாமை உண்டா? பல அறுவைகளைக் கடந்த குழந்தைகளிடமும், முதுகுத்தண்டுப் பிளவு உள்ளவர்களிடமும் இது மற்றவர்களைவிட அதிகம். குழாயின் நுனிப் பலூன் லேட்டெக்ஸாக இருந்தால் விளைவு விபரீதமாகலாம். இத்தகைய குழந்தைகளுக்கு எப்போதும் லேட்டெக்ஸ் அல்லாத பலூனையும் கையுறையையும் எடுத்துவைப்பது நல்லது.

குழந்தை விழித்திருக்கும்போது செய்வதே சிறந்தது. ஒத்துழைக்க முடியாத சிறு குழந்தைகளுக்கு மயக்கம் தேவைப்பட்டால், எந்த மருந்து என்பது முடிவையே மாற்றும். புரோபோஃபாலும் முகர்ந்து மயங்கும் வாயுக்களும் ஓய்வு அழுத்தத்தைக் குறைக்கின்றன. கீட்டமினும் மிடசோலமும் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. வரியற்ற தசையைத் தளர்த்தும் கோலினெதிர் மருந்துகளைத் தவிர்க்க வேண்டும். மயக்கத்தில் தளர்வு அனிச்சையைப் பார்க்கலாம். விருப்ப இறுக்கம், உணர்வு, முக்குதல் ஆகிய எதையும் பார்க்க முடியாது. கொடுத்த மருந்தின் பெயரை அறிக்கையில் எழுதாவிட்டால் அந்த ஓய்வு அழுத்த எண்ணுக்கு மதிப்பே இல்லை.

குழாயைச் செலுத்திய பின் உடனே அளக்கத் தொடங்காதீர்கள். ஏறத்தாழ மூன்று நிமிடம் குழந்தையைப் பேசவைத்து, கைப்பேசியில் ஏதேனும் பார்க்கவைத்து, தசை பழைய நிலைக்குத் திரும்பும் வரை காத்திருக்க வேண்டும். திரையில் குறுக்காக ஓடும் மஞ்சளும் சிவப்புமான பட்டையே ஆசனவாய்க் குழாயின் உயர் அழுத்தப் பகுதி. அது அமைதியாக, சிறு அலைகளோடு மட்டும் ஓடத் தொடங்கியதும் ஒரு நிமிடப் பதிவிலிருந்து ஓய்வு அழுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை அழுதுகொண்டிருந்தால் பட்டை முழுதும் சிவந்து கிடக்கும். அந்த எண் அதன் அச்சத்தின் அளவே தவிர, தசையின் அளவல்ல.

அடுத்தது இறுக்கம். ஐந்து அல்லது ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையால் பொதுவாக இதைச் செய்ய முடியும். ஐந்து விநாடி இறுக்கச் சொல்லி, இடையில் ஓய்வு கொடுத்து, மூன்று முறை பதிவு செய்து மிகச் சிறந்ததை எடுத்துக்கொள்ளலாம். அப்போது உங்கள் கண் திரையில் மட்டும் இருக்கக்கூடாது. பிட்டத் தசைகளையும் தொடைகளையும் இறுக்கி அழுத்தத்தைக் கூட்டிவிடும் பிள்ளைகள் பலர். பிறகு இருமச் சொல்லுங்கள். இருமும்போது வெளித்தசை அனிச்சையாகச் சுருங்கும். இருமலுக்குச் சுருங்கி, சொல்லுக்குச் சுருங்கவில்லை என்றால் தசையும் அதன் நரம்பும் இருக்கின்றன, பயன்படுத்தத் தெரியவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். தசை சுருங்குவதைத் திரையில் பார்த்தபடியே பழகும் பயோஃபீட்பேக் பயிற்சிக்கு இடமுண்டு. இரண்டுக்கும் சுருங்கவில்லை என்றால் தசையிலோ நரம்பிலோ பழுது தேட வேண்டும்.

முக்கச் சொல்லும் பகுதியில் கிடைக்கும் முடிவை எச்சரிக்கையோடு அணுகுங்கள். படுத்த நிலையில், அயலார் முன்னிலையில், முழு நலமுள்ள பிள்ளைகளும் தளர்த்துவதற்குப் பதில் இறுக்கிவிடுவது உண்டு. அதை மட்டும் வைத்து ஒருங்கிணைவுக் கோளாறு என்று முத்திரை குத்துவது அநியாயம்.

இனி மலக்குடல்-ஆசனவாய்த் தளர்வு அனிச்சை. மலக்குடல் விரிந்ததும் உள் சுருக்குத்தசை தானாகத் தளர்வதை 1877-லேயே கவர்ஸ் பதிவு செய்திருக்கிறார். பலூனில் 10 மி.லி. காற்றை விரைவாகச் செலுத்தி உடனே வெளியேற்றி, அளவைப் படிப்படியாகக் கூட்டிச் செல்கிறோம். கைக்குழந்தைகளுக்கு 5 மி.லி.யிலிருந்து தொடங்கலாம். அனிச்சை இருந்தால், காற்று பலூனுக்குள் போன ஓரிரு விநாடிகளில் சிவப்புப் பட்டையின் நடுவே பச்சையும் நீலமும் ஊடுருவி, சில விநாடி நின்று, மெல்ல மீண்டும் சிவக்கும். காற்றின் அளவு கூடக் கூட, தளர்வின் ஆழமும் நீளமும் கூடும். ஒரே அளவுக்கு இரண்டு முறையாவது திரும்ப வந்தால்தான் உறுதியென்று எழுத வேண்டும்.

ஏமாற்றும் இடங்கள் இங்கேதான் அதிகம். பலூன் ஊதும்போது குழந்தை திடுக்கிட்டு இறுக்கிவிட்டு, பிறகு இறுக்கத்தை விட்டால் வரைபடத்தில் ஒரு சரிவு தெரியும்; அது உயர்ந்த நிலையிலிருந்து ஓய்வு நிலைக்கு இறங்கியதே தவிர, அனிச்சையல்ல. ஓய்வு நிலைக்கும் கீழே போனால்தான் தளர்வு. குழாய் இடம்பெயர்ந்தாலும் அழுத்தம் குறைந்ததுபோல் தோன்றும். அப்போது பட்டை மங்காமல் மேலோ கீழோ நகர்ந்திருக்கும். மறுபக்கம், மலக்குடல் பெரிதும் விரிந்துவிட்ட குழந்தையிடம் சிறிய பலூன் சுவரைத் தொடவே தொடாது. அளவைக் கூட்டிப் பார்க்காமல் 'அனிச்சை இல்லை' என்று எழுதுவது தவறு. ஓய்வு அழுத்தமே மிகத் தாழ்வாக இருந்தாலும் அதற்குக் கீழே இறங்க இடமில்லாததால் அனிச்சை புலப்படாமல் போகலாம்.

இந்த அனிச்சையின் பொருள் நோய்க்கு நோய் மாறுபடும். ஹிர்ஷ்ஸ்ப்ரங் குழந்தையிடம் அறுவைக்குப் பின்னும் அது பொதுவாக வருவதில்லை. நல்ல குடலைக் கீழே கொண்டுவந்தாலும் உள் சுருக்குத்தசை பழைய தசைதான். எனவே அறுவைக்குப் பின் அனிச்சை காணப்படாதது அறுவை தோற்றதற்குச் சான்றாகாது. ஆசனவாய்க் குறைபாட்டுக்கு அறுவை செய்த குழந்தையிடம் அனிச்சை இருந்தாலோ, அது உள் சுருக்குத்தசை ஓரளவாவது காப்பாற்றப்பட்டிருப்பதைக் காட்டும் நல்ல செய்தி.

கடைசியாக உணர்வு. பலூனை மெல்ல ஊதி, முதன்முதலில் எப்போது தெரிகிறது, எப்போது கழிப்பறைக்குப் போகத் தோன்றுகிறது, எப்போது பொறுக்க முடியவில்லை என்று கேட்கிறோம். பிள்ளைகள் பெரியவர்களை மகிழ்விக்க 'ஆமாம்' என்று சொல்லிவிடுவார்கள். ஆகவே இடையிடையே ஊதாமலேயே "இப்போது ஏதாவது தெரிகிறதா?" என்று கேளுங்கள். அப்போதும் 'ஆமாம்' என்று வந்தால் உணர்வுப் பகுதியின் எண்களை அறிக்கையில் சேர்க்காமல் விட்டுவிடுவதே நேர்மை.

ஐந்தாம் படி: படங்களும் மயக்கத்தில் பரிசோதனையும்

அழுத்தம் குறைவு என்பதை அழுத்தமானி சொல்லும். தசை அறுந்ததால் குறைவா, நீண்டு தளர்ந்ததால் குறைவா, தொடக்கத்திலிருந்தே இல்லாததால் குறைவா என்பதை அது சொல்லாது. அதற்கு ஆசனவாய் உள் அல்ட்ராசவுண்ட் உதவும். அதில் உள் சுருக்குத்தசை கரிய வளையமாகவும் வெளித்தசை அதைச் சுற்றி வெளிறிய வளையமாகவும் தெரியும். அறுபட்ட இடத்தைக் கடிகார எண்ணால் குறிப்பது வழக்கம். சிறு குழந்தைகளுக்கு இதை மயக்கத்தில் செய்வதே முறை. ஆசனவாய்க் குறைபாட்டுக் குழந்தைகளிடம் தசை அமைப்பே ஒழுங்கற்றிருப்பதால், இழுத்து வைத்த குடல் தசையின் நடுவில் செல்கிறதா, ஒதுங்கிச் செல்கிறதா என்பதை இடுப்பு எம்.ஆர்.ஐ. தெளிவாகக் காட்டும். அதே அமர்வில் தண்டுவடம் கீழே கட்டுண்டு கிடக்கிறதா என்றும் பார்த்துவிடலாம். எக்ஸ்-ரேயில் கணிக்கும் திரிக விகிதமும் (திரிக எலும்பு எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பதைக் காட்டும் எண்) பயன்படும்: 0.4-க்குக் கீழே இருந்தால் மலம் அடக்கும் வாய்ப்புக் குறைவு, 0.7-க்கு மேல் இருந்தால் நம்பிக்கைக்கு இடமுண்டு.

மயக்கத்தில் நேரடியாகப் பார்ப்பதற்கு ஈடான பரிசோதனை வேறில்லை என்பது என் கருத்து. பற்கோடு முழுவட்டமாக இருக்கிறதா, எந்தப் பகுதியில் அழிந்திருக்கிறது என்பதை அப்போதுதான் கண்ணால் காண முடியும். மின்தூண்டியால் தசையைத் தூண்டினால் சுருக்கத்தின் மையம் ஆசனவாயின் மையத்தோடு பொருந்துகிறதா என்பதும் தெரியும். தூண்டலைப் பார்க்க வேண்டுமென்றால் தசை தளர்த்தி மருந்து கொடுக்க வேண்டாமென்று மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். திசுச் சோதனை தேவைப்படலாம் என்ற ஐயம் இருந்தால் அதற்கும் சேர்த்தே ஒப்புதல் வாங்கிவிடுங்கள். ஒரு குழந்தையை இரண்டுமுறை மயக்குவதற்கு அது நல்ல மாற்று.

ஆறாம் படி: சேர்த்துப் படித்தல்

கையில் இப்போது மூன்று செய்திகள் இருக்கின்றன: தசை, உணர்வு, குடல் அசைவு. ஹிர்ஷ்ஸ்ப்ரங் அறுவைக்குப் பின் வயிறு உப்பி, மலம் தேங்கி, ஓய்வு அழுத்தம் இயல்பாகவோ உயர்ந்தோ இருந்து, தளர்வு அனிச்சை இல்லையென்றால் தளராத உள் சுருக்குத்தசையை நினைக்கலாம். ஆனால் அதற்கு முன் இணைப்புச் சுருக்கம், குடல் முறுக்கு, சோவே முறையில் விட்டுவைத்த தசை உறை இறுக்குவது போன்ற தடைகளையும், கீழே இழுத்த குடலிலேயே நரம்புக்கணு செல்கள் குறைவாக இருப்பதையும் விலக்கியிருக்க வேண்டும். அப்படி விலக்கிய பின் உள் சுருக்குத்தசையில் அதைத் தற்காலிகமாகத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி போடுவது சிகிச்சையும் சோதனையும் ஆகும். அதன் விளைவு சில மாதங்களில் மறைந்துவிடுவதால் தசையை வெட்டுவதைவிடப் பாதுகாப்பானது.

அதே அறுவைக்குப் பின் பெருங்குடல் விரியாமல், மலம் அடிக்கடி இளகி வந்து, ஓய்வு அழுத்தமும் குறைவாக இருந்தால் நிலைமை நேர்மாறானது. இக்குழந்தைக்கு மலமிளக்கி கொடுத்தால் கசிவு பெருகும்; மலத்தைக் கட்டிப்படுத்தும் உணவும் மருந்தும், நாள்தோறும் ஒருமுறை குடலைக் காலி செய்யும் எனிமாவும் பொருந்தும். தசை இயல்பாக இருந்தும் உந்துதல் வந்தவுடன் கசிகிறதென்றால், வலிமையான குடல் அலைகள் நேராக ஆசனவாய் வரை வந்து மோதுகின்றனவா என்று பெருங்குடல் அழுத்தமானியால் பார்க்கலாம். பற்கோடு இல்லை, தசை நன்றாக இருக்கிறது என்னும் குழந்தைக்கு எண்கள் அழகாக வரும், கசிவு மட்டும் நிற்காது. உணர்வை எழுதாத அறிக்கை குடும்பத்தை வீணாகக் குழப்பிவிடும்.

ஆசனவாய்க் குறைபாட்டில் மலச்சிக்கலும் வலுவற்ற தசையும் சேர்ந்திருப்பது அடிக்கடி காணப்படும் கலவை. தசை ஓரளவு நன்றாக இருப்பவருக்கு மலமிளக்கி போதும். தசையும் திரிக எலும்பும் மோசமாக இருப்பவருக்கு எனிமா முறையே ஏற்றது. ஆசனவாய் வழி எனிமாவை ஏற்காத பிள்ளைகளுக்கு, 1990-இல் மலோன் விவரித்தபடி குடல்வால் வழியாக மேலிருந்து கழுவும் வழியும் உண்டு.

அறிக்கையும் மறு மதிப்பீடும்

அறிக்கையில் முதலில் கேள்வியை எழுதுங்கள்: எதைத் தெரிந்துகொள்ள இந்தப் பரிசோதனை கேட்கப்பட்டது? பிறகு குழந்தை விழித்திருந்ததா, ஒத்துழைத்ததா, மலக்குடல் காலியாக இருந்ததா, எந்தக் கருவி, எந்த மருந்து என்பவை. ஓய்வு அழுத்தம், இறுக்க அழுத்தம், இருமல், அனிச்சையும் அது தோன்றிய காற்றளவும், உணர்வு அளவுகள் ஆகியவை அடுத்து. செய்ய முடியாமல் போனவற்றை 'இல்லை' என்று எழுதாமல் 'பதிவு செய்யப்படவில்லை' என்றே எழுத வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சில ஆண்டுகள் கழித்து அந்தக் கோப்பை எடுக்கும் மருத்துவருக்குப் பெரிது.

ஒருமுறை அளந்ததே இறுதியல்ல. பிள்ளை வளர வளர இறுக்கும் திறனும் உணர்வைப் புரிந்துகொள்ளும் திறனும் மேம்படுகின்றன. நான்கு வயதில் முடியாதது எட்டு வயதில் முடியலாம். மதிப்பெண் படிவத்தை ஒவ்வொரு வருகையிலும் நிரப்புங்கள். அழுத்தமானியை மட்டும், சிகிச்சையை மாற்றப்போகும் கேள்வி ஒன்று எழும்போது திரும்பச் செய்யுங்கள்: போட்டுலினத்துக்கு முன்னும் பின்னும், மறு அறுவையைப் பற்றி முடிவெடுக்கும்போது, பயோஃபீட்பேக் தொடங்கும் முன், வயிற்றுத் திறப்பை (மலம் வெளியேற வயிற்றுத் தோலில் குடலைத் திறந்து வைத்த வழி) மூடலாமா என்று தீர்மானிக்கும்போது. வயிற்றுத் திறப்போடு இருக்கும் குழந்தையிடம் தசையையும் அனிச்சையையும் இப்போதே அளந்துவிடலாம். மலம் அடக்கும் திறனைப் பற்றிய மதிப்பெண்ணை, திறப்பை மூடி, குடல் பழக்கம் ஒரு நிலைக்கு வந்த பிறகே எழுத வேண்டும்.